ஒரே அறை, நாலு தடவை: ஒரு கோத்தகிரி ஹோம்ஸ்டேயின் மாதவாரி விமர்சனம்

இந்த ஹோம்ஸ்டேக்கு இணையத்தில் 4.6 நட்சத்திரம் காட்டுகிறது. அதை நம்பித்தான் முதல் தடவை போனேன். நாலு தடவை போய்வந்த பிறகு சொல்கிறேன், அந்த 4.6-க்கு அர்த்தமே கிடையாது. பொய் என்று சொல்லவில்லை. ஜனவரியில் தங்கியவர் ஐந்து போட்டிருக்கிறார், நவம்பரில் மாட்டிக்கொண்டவர் ஒன்று போட்டிருக்கிறார், ரெண்டு பேரும் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்கள். ரெண்டையும் கூட்டி வகுத்தால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஒரு எண் வருகிறது. ரசத்தையும் பாயசத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கலக்கி, பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு என்று சொல்வது போல.

வீட்டின் பெயரைப் போடவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், அதில் பாதி வீட்டின் குறை, பாதி மலையின் குறை, எது எது என்று பிரிப்பதற்கே எனக்கு நாலு பயணம் ஆனது. தவிர, கோத்தகிரியிலும் குன்னூரிலும் இதே மாதிரி வீடுகள் ஏகப்பட்டது இருக்கின்றன: தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே தகரக் கூரை, முன்னால் ஒரு நீள வராந்தா, நாலு அறை, கீழே சமையலுக்கும் தோட்டத்துக்கும் ஒரு குடும்பம், புக்கிங்குக்கு மட்டும் எங்கோ உட்கார்ந்து போன் எடுக்கும் ஒருவர். இந்தப் போன்காரரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வருவார்.

நாங்கள் கோவைக்காரர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், அதனால் நினைத்தால் போகலாம். நாலு தடவையும் எங்களுக்குக் கிடைத்தது அதே மேல்மாடி மூலை அறை. கிழக்கே பார்த்த ஜன்னல், தேக்குக் கட்டில், 15 லிட்டர் கீசர், ஃபேன் கிடையாது. அறை மாறவேயில்லை. மற்றதெல்லாம் மாறியது.

முதல் தடவை மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு, கோவையில் வெயில் தாங்கவில்லை, எல்லோரையும் போல நாங்களும் மேலே ஏறினோம். போனில் கேட்டபோது "இப்பதான் மேடம் சூப்பர் கிளைமேட்" என்றார். ஒரு இரவுக்கு 6,500 ரூபாய், பிள்ளைகளுக்குக் கூடுதல் மெத்தை என்று தலைக்கு 800. சரி, சீசன் விலை, கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதல் அதிர்ச்சி சாலையிலேயே. சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுகிறார்கள். போக்குவரத்துக்கு அதுதான் சரி, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோத்தகிரியில் அறை போட்டவன் கோத்தகிரிக்கே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, இதைப் போன்காரர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இ-பாஸ் வேறு. 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் ஒரு படி மேலே போய் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஸ்டீல் பாட்டிலோடு போய்விடுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மதியம் ரெண்டு மணிக்கு அறைக்குள் புழுக்கம். ஆமாம், கோத்தகிரியில். தகரக் கூரைக்குக் கீழே மேல்மாடி அறை, ஃபேன் இல்லை, சின்னவன் "அம்மா, ஊட்டின்னா குளிரும்னு சொன்னியே" என்று கேட்கிறான். சாயங்காலம் ஒரு இடிமழை இறங்கியது, அதன் பிறகுதான் மலை மலையாக ஆனது. குளிக்கப் போனால் குழாயில் நூல் மாதிரி தண்ணீர். கோடையில் இந்தப் பக்கம் தண்ணீருக்குத் தட்டுப்பாடு, லாரித் தண்ணீர் அடித்துத்தான் ஓட்டுகிறார்கள். கீழே இருந்த அக்கா (காவல், சமையல், தோட்டம் எல்லாம் அவரும் அவர் வீட்டுக்காரரும்தான்) ஒரு குடம் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து வைத்துவிட்டு, "மே மாசம் நீங்க கொடுக்குற காசுக்கு எங்களால தண்ணிகூடக் குடுக்க முடியலை அக்கா" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் மறுபடி போனேன் என்று நினைக்கிறேன்.

ஊட்டிக்கு ஒரு நாள் போனோம், மலர்க் கண்காட்சி. 30 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது, 22 ஹெக்டேர், அவ்வளவு இடத்திலும் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், பூவால் செய்த உருவங்களைப் பார்த்து வாய்பிளந்து நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் மே மாதத்தைத் தவிர வழியும் இல்லை. அப்படியானால் திங்கள் ஏறி வியாழன் இறங்குங்கள், ஊட்டிப் பக்கமே போகாமல் குன்னூர் சிம்ஸ் பூங்காப் பழக் கண்காட்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மே மாதத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும் அக்காவின் சமையலுக்கு: அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு வைக்கும் படுகர் வீட்டு அவரை உதக்க, கூடக் களி.

ரெண்டாவது ஆகஸ்ட், சுதந்திர தினத்தோடு ஒட்டி வந்த விடுமுறை. இந்தத் தடவை நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது. "ஆகஸ்ட்ல யாராவது மலைக்குப் போவாங்களா, கொட்டித் தீர்க்கும்" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். போன்காரர் மட்டும் "இப்பதான் மேடம் சூப்பர் கிளைமேட்" என்றார். அறை 3,200-க்கு இறங்கியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால் அவர் சொன்னது அன்றைக்கு உண்மையாகிவிட்டது. காலையில் நல்ல வெயில், பத்து மணி வரை வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தோம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பஞ்சு மாதிரி மூடுபனி ஏறி வந்து வராந்தாத் தூணை மறைத்தது, அவ்வப்போது சாரல், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் பீறிட்டது. தேயிலை பச்சைப் பசேலென்று கழுவி வைத்தது போல இருந்தது.

மறுநாள் ஆசை யாரை விட்டது, அவலாஞ்சி போவோம் என்று கிளம்பினோம். தொட்டபெட்டாப் பக்கம் வரும்வரை சும்மா இருந்த வானம், அந்த முகட்டைத் தாண்டியதும் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. வைப்பர் வேலைக்கே ஆகவில்லை. அவலாஞ்சியில் மழையால் சுற்றுலாவை நிறுத்தி வைத்திருந்தார்கள், திரும்பி வந்தோம். கோத்தகிரி வந்தால் அக்கா முற்றத்தில் துணி காயப்போட்டிருக்கிறார்!

அன்றைக்கு ராத்திரி அக்காவின் வீட்டுக்காரர் விளக்கியதுதான் இந்த மொத்த விமர்சனத்தின் சாரமே. நீலகிரி ஒரே மலை இல்லை, மழைக்கு அது ரெண்டு மலை. நடுவில் தொட்டபெட்டா முகடு, 2,637 மீட்டர், சுவர் மாதிரி நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று பந்தலூர், கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி என்று அந்தப் பக்கத்தில் சுமையை இறக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் தாண்டுகிறது, கோத்தகிரிக்கு வருவது மிச்சம் மீதி. அக்டோபரில் காற்று திரும்பியதும் கதை தலைகீழ். வங்கக்கடலிலிருந்து வரும் மழை நேராக வந்து மோதுவது கிழக்கே பார்த்த கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில். அப்போது நனைவது நாங்கள், கூடலூர்க்காரர்களுக்கு அவ்வளவு இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், பழைய செய்திகளெல்லாம் அப்படியே இதில் பொருந்துகின்றன. 2019-ல் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து பேசப்பட்டது அவலாஞ்சி, மேற்குப் பக்கம், மாதம் ஆகஸ்ட். 2009-ல் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று இந்தப் பக்கம், மாதம் நவம்பர். ரெண்டும் நீலகிரி மாவட்டம்தான், ரெண்டுக்கும் செய்தியில் "நீலகிரியில் கனமழை" என்றுதான் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் கோத்தகிரி அறையை ரத்து செய்கிறவர்களும் உண்டு, "மழைக்காலம்தான் ஆகஸ்டோடு முடிஞ்சு போச்சே" என்று நவம்பரில் அறை போடுகிறவர்களும் உண்டு. ரெண்டாவது வகையில் நான் சேர்ந்ததைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன், அதுவும் இவ்வளவு விளக்கத்தையும் காதால் கேட்ட பிறகு.

அதற்கு முன் ஆகஸ்டில் ஒரு எச்சரிக்கை. லாங்வுட் சோலைக்குப் போனால் அட்டைக்குத் தயாராகப் போங்கள். உப்பும் புகையிலைத் தூளும் கொண்டுபோகச் சொன்னார்கள், நாங்கள் கொண்டுபோகவில்லை, நாத்தனார் வீட்டுக்காரர் மட்டும் பதினோரு அட்டையைப் பிடுங்கினார், எண்ணிக்கொண்டே பிடுங்கினார். இந்தப் பக்கம் காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள் சகஜமாக நடமாடும், பனி இறங்கினால் பத்தடியில் நிற்பதுகூடத் தெரியாது, ஆறு மணிக்கு மேல் வாக்கிங் எல்லாம் வேண்டாம். ஆகஸ்டுக்கு ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது கம்பளிக்கு. ஈர நாய் வாசனை வந்தது, மாற்றித் தரச் சொன்னால் வேறொரு ஈர நாய் வந்தது.

நவம்பர். கல்யாண நாள், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேர் மட்டும். "ஐப்பசியில அடைமழை பிடிக்கும், யோசிச்சுக்குங்க" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் 2,500 ரூபாய் என்றதும் விழுந்தேன். போன்காரர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் மழை ரொம்ப அழகாக இருந்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம், சூடாக மிளகு ரசம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டு நூறு லைக் வாங்கினேன். ரெண்டாம் நாள் காலை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் மதியம் வரை தாங்கியது. கீசர் இல்லை, வைஃபை இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மூன்றாம் நாள் கிழக்குச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படரத் தொடங்கியதைக் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்கலாம், அவ்வளவு ஓய்வு. மார்க்கெட்டில் வாங்கி வைத்த ஊட்டி வர்க்கி சாயங்காலத்துக்குள் நமுத்துப் போய் பழைய பன் மாதிரி இழுத்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கி, பாவம், அதற்கே இந்த நிலைமை என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

சாக்ஸைப் பற்றி எழுதாவிட்டால் நவம்பரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. முதல் நாள் சாயங்காலம் நனைந்தது. குளியலறைக் கம்பியில் போட்டேன். மறுநாள் காலை அதே ஈரம், கூடவே ஒரு குளிர்ச்சி. நாற்காலி முதுகில் போட்டேன். அயர்ன் பாக்ஸ் கேட்டேன், கரண்ட் இல்லை. அடுப்படியில் விறகடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன், புகை வாசனை ஏறியதே தவிர ஈரம் இறங்கவில்லை. மூன்று நாள், ஒரு ஜோடி காட்டன் சாக்ஸ். கடைசியில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் குஞ்சப்பனைப் பக்கம் சாலையில் மண் சரிந்து மரம் விழுந்துவிட்டது. குன்னூர் வழியும் நிலவரம் சரியில்லை என்றார்கள். ஜேசிபி வந்து வழி விட ஐந்து மணி நேரம். மலை ரயில் அதற்கு முன்பே நிறுத்தம். இந்த மாதங்களில் கல்லாறு, குன்னூர் இடையே பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து ரயில் நிற்பது ஏறக்குறைய வருடாவருடம் நடக்கிறது. நவம்பரில் மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள், டிக்கெட் பணம் திரும்பி வரும், லீவு வராது.

வழி திறக்கும்வரை அறையில் இருந்ததற்குப் போன்காரர் அரைநாள் வாடகை கேட்டார். இங்குதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மழைக்கும் கரண்டுக்கும் அவர் என்ன செய்வார், அதையெல்லாம் நான் சொல்லவில்லை. ரெண்டு நாள் முன்னால் மழை எச்சரிக்கை வந்தபோது ஒரு போன் பண்ணி "தேதியை மாத்திக்கிறீங்களா" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, முன்பணம் திரும்பாது என்ற விதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அரைநாள் வாடகையை நான் கொடுக்கவில்லை. அந்த அக்காதான் எதையும் கணக்கில் எழுதாமல் மதியச் சாப்பாடு போட்டு, கீழே இறங்கினதும் போன் பண்ணச் சொல்லி அனுப்பினார். நவம்பருக்கு ஒன்று. மழைச் சத்தம் மட்டும் போதும், வெளியே தலைகாட்டவே மாட்டேன், லீவு ரெண்டு நாள் நீண்டாலும் கவலை இல்லை என்கிற ஆளாக இருந்தால் ரெண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது தடவை ஜனவரி, பொங்கல் முடிந்து. அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது, வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன், அவர்தான் சாவதற்குள் மலை ரயிலில் ஏறணும் என்று பிடிவாதமாக நின்றார்.

ரயிலைப் பற்றித் தனியாக ஒரு விமர்சனமே எழுதலாம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. குன்னூர் வரை 1899-ல் வந்த பாதை, ஊட்டிக்கு 1908-ல் நீண்டது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு பல்சட்டம் தொடங்கும், என்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்துத்தான் மேலே ஏறும், அதுவும் என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்றால் சும்மாவா. தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். அத்தை இறங்கவில்லை, ஜன்னலைப் பிடித்த கையை விடவில்லை. ஜனவரியில் வானம் தெளிவாக இருந்ததால் கீழே மேட்டுப்பாளையத்துச் சமவெளி கடைசிவரை தெரிந்துகொண்டே வந்தது, மே மாதத்தில் இதே இடத்தில் வெறும் புழுதிப் புகைதான் பார்த்திருந்தேன். 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கிற அன்றைக்கே உட்கார்ந்துவிடுங்கள். நாங்கள் குன்னூரில் இறங்கிக் கோத்தகிரி பஸ் பிடித்தோம்.

போன்காரர் 3,800 சொன்னார், நான் 3,500-க்குப் பேசினேன்.

காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் கிழக்கு ஜன்னல் முழுக்க ஆரஞ்சு. நவம்பரில் பூஞ்சை வளர்த்த அதே சுவரில்தான் இப்போது வெயில் ஏறுகிறது. பகலில் சட்டையோடு நடக்கலாம், சூரியன் இறங்கியதும் எலும்புக்குள் ஏறும். மறுநாள் ஊட்டிப் பக்கம் உறைபனி பார்க்க விடியற்காலையில் கிளம்பினோம், தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாக, காலை வைத்தால் நொறுநொறு என்று. கோத்தகிரியில் அவ்வளவு இல்லையே என்று கேட்டதற்கு, குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடித் தேங்கும், ஊட்டி கிண்ணம் மாதிரி இருப்பதால் அங்கே தேங்குகிறது, இங்கே சரிவில் வழிந்து போய்விடுகிறது என்று பதில் வந்தது. உயரமும் கோத்தகிரி கம்மி. அதனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஜனவரியில் போவதானால் ஊட்டியில் தங்காதீர்கள், கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கி, உறைபனியை மட்டும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அத்தை ரெண்டு இரவும் வெந்நீர்ப் பையோடு நிம்மதியாகத் தூங்கினார்.

தேயிலை வாங்கவும் இதுதான் மாதம். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை கூடும், ஃப்ராஸ்ட் டீ என்று தனியாக விற்கிறார்கள். பாலில் கொதிக்கவிட்டு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கெடுத்துவிடாதீர்கள், வெறும் வெந்நீரில் மூன்று நிமிடம். (அத்தை பாலில்தான் போட்டார். நல்லாத்தான் இருந்தது, சொல்லக் கூடாது.) கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தோம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்ததும் முதலில் குடியேறியது ஊட்டியில் இல்லை, இங்கேதான். ஹெத்தையம்மன் பண்டிகை இந்தக் குளிர் மாதங்களில்தான் வரும், பேரகணியில் படுகர்கள் வெள்ளை உடையில் திரளாகக் கூடுவார்கள். அக்கா போய்வந்த கதையைத்தான் கேட்டேன், அடுத்த வருடம் தேதி விசாரித்துப் போக வேண்டும்.

வர்க்கி மூன்று நாளும் மொறுமொறுவென்று இருந்தது. கம்பளியை வெயிலில் போட்டுத் தட்டியிருந்தார்கள், நாய் வாசனை போன இடம் தெரியவில்லை. கிளம்பும்போது அக்கா ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் என் சாக்ஸ், துவைத்து மடித்து. "மார்கழி பொறந்துதான் காஞ்சுது அக்கா" என்றார்.

ஜனவரிக்கு நாலரை. அரையைக் குறைத்தது கீசருக்கு. 15 லிட்டரில் ஒருவர் குளித்தால் அடுத்தவர் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், குளிர்காலத்தில் அது தண்டனை. நாலு தடவையும் சொல்லியிருக்கிறேன், மாற்றவில்லை. இது மலையின் குறை இல்லை, சுத்தமாக வீட்டின் குறை.

போகாத மாதங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் போட்டுவிடுகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் கூட்டம் இல்லை, விலையும் இல்லை, ஆனால் காடு காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ பயத்தில் மலையேற்றத்தை நிறுத்திவைப்பார்கள், அருவிகளில் ஈரம்தான் இருக்கும். மார்ச் கடைசியில் ஜகரண்டா பூத்து ரோட்டோரம் ஊதாவாகும், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. ஜூலையில் காற்று, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் யூகலிப்டஸ் மரம் நிற்குமா, கூடலூர் வழி மைசூர் போகிறவர்கள் ஜாக்கிரதை. அந்த வழியில் முதுமலை தாண்டி பந்திப்பூர்ச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் ஏப்ரல், மே மாதங்களை முதல் சீசன் என்றும் செப்டம்பர், அக்டோபரை இரண்டாம் சீசன் என்றும் சொல்கிறார்கள். முதல் சீசன் வெள்ளைக்காரன் விட்டுப்போனது, கோடையானால் சென்னை மாகாண அரசாங்கமே பெட்டி படுக்கையோடு ஊட்டிக்கு ஏறிவிடும், அந்தப் பழக்கத்தில்தான் நாமும் மே வந்தால் ஏறுகிறோம். இரண்டாம் சீசனைப் பற்றி நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேற்கு மழை ஓய்ந்து கிழக்கு மழை தொடங்குவதற்கு நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளி, குழாயில் தண்ணீர் இருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும், பூங்காவில் புதிதாக நட்ட பூ இருக்கும். இந்த ஹோம்ஸ்டேயின் இணையப் படங்கள் எல்லாம் அந்த நேரத்தில் எடுத்தவை என்று அக்கா சொன்னார். மே மாதத்தில் நான் ஏன் ஏமாந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அறை போடும்போது நான் இப்போது கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி. கிளைமேட் எப்படி என்று கேட்பதே இல்லை. வீடு எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது, குழாய்த் தண்ணீரா லாரித் தண்ணீரா, இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், மழை எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா. விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காமல் தேதியைப் பார்க்கிறேன், நான் போகப்போகும் மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படிக்கிறேன். முடிந்தால் போன்காரரை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவரின் நம்பரை வாங்கிவிடுங்கள்.

வருகிற செப்டம்பர் கடைசி வாரத்துக்கு அறை கேட்டிருக்கிறேன். முதலில் அக்காவிடம் பேசினேன், "மகாளய அமாவாசையை ஒட்டி வாங்க, அதுக்கப்புறம் மழை எப்ப திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு முறைக்காகப் போன்காரருக்கும் அடித்தேன். கீசர் மாற்றியாச்சா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார், "இப்பதான் மேடம்..."